ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 (360): வாங்கும் முன் கம்ப்யூட்டர் கேபினட்டை அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் சிப்பின் சூட்டை, குழாயில் திரவத்தை ஓடவிட்டு இறக்குவது லிக்விட் கூலர். இப்போது வருபவற்றில் பல, சிப் மேல் உட்காரும் தலையில் ஒரு குட்டித் திரை, சுற்றிலும் கலர் விளக்கு என்று வருகின்றன, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. ஆர்க்டிக் 2024-இல் கொண்டுவந்த இந்த மாடலின் கறுப்பு வெர்ஷனில் எதுவுமே மின்னாது. காசு போனது ரேடியேட்டருக்கு, அதாவது திரவத்தின் சூட்டை வெளியே விடும் பகுதிக்கு. மற்றவற்றில் பெரும்பாலும் 27 மி.மீ. தடிமன்தான், இதில் 38.

என் மெஷினில் இன்டெல் 14700கே. ரெண்டர் போட்டால் 253 வாட் வரை இழுக்கும் சிப். பழைய ஏர் கூலரில் கொஞ்ச நேரத்திலேயே 100 டிகிரியைத் தொட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது ஏசி ஓடும்போது 80-களின் நடுவில் நிற்கிறது. சென்னை மே மாத மதியம், ஏசி இல்லை என்றால் 90-ஐ ஒட்டிப் போகிறது. அதற்குக் கூலரைத் திட்டிப் பயனில்லை, உள்ளே தண்ணீரே ஓடினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே சிப்பை இறக்க முடியாது.

மாட்டுவதுதான் கொஞ்சம் திகில். எல்ஜிஏ 1700 (என் இன்டெல் சிப் உட்காரும் சாக்கெட் வகை) போர்டில், சிப்பை அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தையே கழற்ற வேண்டும். நான்கு டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) ஸ்குரூ. கழற்றியதும் சிப் எந்தப் பிடிப்பும் இல்லாமல் பின்கள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், அந்த நேரம் பார்த்துத் தும்மல் வரக்கூடாது! அப்புறம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கூடவே வரும் காண்டாக்ட் ஃப்ரேமை வைத்து, ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இன்டெலின் சொந்தப் பூட்டு நடுவில் அழுத்தி சிப்பை லேசாக வளைத்துவிடும், வளைந்தால் கூலரின் செம்புத் தகடு முழுதாகப் படியாது என்பதால்தான் இத்தனை பாடு. ஏஎம்டியின் ரைசன் சிப்பும் ஏஎம்5 சாக்கெட் போர்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

ஒரே கேபிளைச் சொருகினால் ஃபேன்கள், பம்ப், தலையில் இருக்கும் விஆர்எம் ஃபேன் (போர்டில் சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதிக்கான குட்டி ஃபேன்) எல்லாம் சேர்ந்தே ஓடும். தனித்தனியாகக் கட்டுப்படுத்த இன்னொரு கேபிளும் பெட்டியிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். ஃபேனை மெதுவாக ஓடவிட்டு பம்ப் வேகத்தைக் குறைக்காமல் வைக்கலாம்.

ரேடியேட்டர் 38, ஃபேன் 25, மொத்தம் 63 மி.மீ. நிறைய கேபினட்டுகளில் மேல்பக்கம் அவ்வளவு இடம் கிடையாது, ரேம் இடிக்கும். "எல்லா கேபினட்டுக்கும் செட் ஆகும் சார்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம், டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

ரைசன் 7800எக்ஸ்3டி மாதிரி குறைவாக வாட் இழுக்கும் சிப் என்றால் இது தண்டச் செலவு. நல்ல ஏர் கூலர் போதும், அதில் பம்ப் போய்விடுமோ என்ற கவலையும் இல்லை.

வாரண்டி 6 வருஷம். 2022-இல் இவர்களின் முந்தைய மாடலில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு) பிரச்சினை வந்தபோது இலவசமாக சர்வீஸ் கிட் கொடுத்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தைரியம். பில்லை மட்டும் வாங்கின அன்றே ஃபோட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், அந்த வழவழ பேப்பரில் எழுத்து 6 வருஷம் தாங்காது.