தபாலில் வரும் குடல் புற்றுநோய் கிட்: செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் இந்த 'ஃபிட்' கிட்டை வீட்டுக்கே அனுப்புகிறது, காசு கிடையாது. நம்மவர்கள் பல பேர் வீட்டில் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

உள்ளே ஒரு சின்ன டியூப், அவ்வளவுதான். மூடியைத் திருகினால் அதோடு ஒரு குச்சி வரும், நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மலம் தண்ணீரில் விழுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும், கழுவிய பழைய மார்ஜரின் டப்பா போதும். குச்சியை மேலோட்டமாக இழுத்து அந்தப் பள்ளங்கள் நிரம்பினால் சரி, அள்ளத் தேவையில்லை. திரும்பச் சொருகினால் 'டக்' என்று மூடிக்கொள்ளும், அப்புறம் திறக்கவே கூடாது. தேதி எழுதி, கூட வந்த உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிடலாம், ஸ்டாம்ப் வேண்டாம். 2019 வரை இருந்த பழைய அட்டையில் மூன்று தடவை மலம் எடுத்துத் தடவ வேண்டியிருந்தது, அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். மனித ரத்தத்தை மட்டும் தேடுவதால் ஆட்டுக்கறி சாப்பிட்டோமே என்ற கவலையும் இல்லை.

குறை என்றால், கட்டியிலிருந்து ரத்தம் கசியாத நாளில் எடுத்தால் தெரியாமல் போகலாம். மூலநோய் இருந்தாலும் ரத்தம் காட்டும்.

"மூச்சை ஊதினாலே சொல்லிவிடலாமாமே" என்று கேட்கிறார்கள். அது வெறும் கதையில்லை. கட்டியும் குடல் பாக்டீரியாவும் சேர்ந்து ஆவியாகும் வேதிப்பொருட்களின் கலவையை மாற்றிவிடுகின்றன, அது ரத்தம் வழியாக மூச்சிலும் சிறுநீரிலும் வெளிவருகிறது. 2011-இல் ஜப்பானின் க்யூஷு பல்கலைக்கழகத்தில், பழக்கப்படுத்திய ஒரு லாப்ரடார் நாய் மூச்சு மாதிரிகளில் 91 சதவீதமும் மல மாதிரிகளில் 97 சதவீதமும் புற்றுநோயை மோப்பம் பிடித்தது. 2013-இல் இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் மூச்சிலுள்ள 15 சேர்மங்களை வைத்துக் கணித்தார்கள், தனியாகச் சோதித்த 25 பேரில் 19 பேரைப் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சரியாகப் பிரித்தார்கள். ரத்தம் கசியாத கட்டியையும் வாசனை காட்டிக்கொடுக்கும் என்பதுதான் இதில் என் ஆசையே. ஆனால் சாப்பாடு, சிகரெட், மருந்து எல்லாமே மூச்சின் கலவையை மாற்றும், பெரிய அளவில் நிரூபணம் வரும் வரை அதற்காகக் காத்திருந்து இந்த டியூபை ஒதுக்குவது தப்பு.

பதில் இரண்டு வாரத்துக்குள் கடிதமாக வரும். மேல் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் பதற வேண்டாம், பெரும்பாலும் கொலோனோஸ்கோபிதான் (கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது), அதில் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். கிட்டில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மலம் போகும் வழக்கத்தில் மாற்றம் எது இருந்தாலும் நேராக ஜிபியிடம் (உங்கள் குடும்ப டாக்டரிடம்) போங்கள், அடுத்த கிட் வரட்டும் என்று இருக்காதீர்கள். வந்த கிட்டைத் தொலைத்தவர்கள் கடிதத்தில் உள்ள இலவச எண்ணுக்கு அழைத்தால் புதிதாக ஒன்று அனுப்புவார்கள்.