விறகடுப்பா, ஹீட் பம்பா, சோலாரா: ஒரே 30 சதவீதம், மூன்று கணக்கு

2023 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் அடித்த புயலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் திரும்ப நான்கு நாள் ஆயிற்று. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் நிலவறைத் தொட்டி நிறைய இருந்தது. ஆனால் பாய்லரின் பர்னரும் பம்பும் ஓட மின்சாரம் வேண்டுமே! எண்ணெயைக் காவல் காத்தபடி கம்பளிக்குள் நடுங்கினோம். அடுத்த குளிருக்குள் வேறு வழி பார்ப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

விறகடுப்பு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப், கூரையில் சோலார் என்று மூன்று வழிகள் இருந்தன. மூன்றுக்குமே செலவில் 30 சதவீதத்தை அமெரிக்க மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய சலுகை. வருமானத்திலிருந்து அல்ல, கட்டவேண்டிய வரியிலிருந்தே கழிப்பது. ஆகவே ஒவ்வொரு டாலரும் முழு டாலர்.

எனக்கு வந்த விலைகளைச் சொல்கிறேன். விறகடுப்பு, பொருத்தும் கூலி உட்பட 5,900 டாலர். அதில் 30 சதவீதம் 1,770. முழு வீட்டுக்கு ஹீட் பம்ப் 17,000. கணக்குப்படி 5,100 வரவேண்டும். ஆனால் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கிடையாது என்று இருந்ததால் 12 சதவீதம்கூடத் தேறவில்லை. ஒரே ஆண்டில் அடுப்பும் ஹீட் பம்பும் போட்டால் இரண்டுக்கும் சேர்த்தே அந்த 2,000 என்று இருந்தது. எஃபிஷியன்சி மேய்ன் அமைப்பு ஹீட் பம்புக்குத் தனியாகப் பணம் தருகிறது என்பதையும் சொல்லாவிட்டால் பாவம். சோலார் 24,000, அதற்கு உச்சவரம்பே இருக்கவில்லை, 7,200 அப்படியே கழிந்திருக்கும்.

இதுவரை எந்த விற்பனையாளரும் சொல்லிவிடுவார். அவர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று இருந்தது. இந்தச் சலுகை வரியைப் பூஜ்யம் வரைதான் இறக்கியது. அதற்குக் கீழே போய்க் கையில் காசு தரவில்லை. மிச்சம் என்ன ஆகும் என்பதில்தான் மூன்றும் பிரிந்தன. சோலாரில் மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போனது. அடுப்புக்கும் ஹீட் பம்புக்கும் அந்த வழி இருக்கவில்லை; அந்த ஆண்டு கழியாதது கழியாததுதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2024இல் எனக்கு ஐந்து மாதம் வேலை இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 44,000 டாலர். தம்பதிக்கான நிலையான கழிவு 29,200 போக மீதி 14,800. அதற்கு 10 சதவீதம், ஏறத்தாழ 1,480 டாலர் வரி. அடுப்புக்காரர் டிசம்பர் 27 அல்லது ஜனவரி மூன்றாம் வாரம் என்று இரண்டு நாள் கொடுத்தார். குளிர் பயத்தில் டிசம்பரைப் பிடித்தேன். பணம் எப்போது கட்டினோம் என்பது கணக்கில்லை, பொருத்தி முடித்த ஆண்டுதான் கணக்கு. எனவே 1,770இல் 1,480 கழிந்தது; 290 டாலர் காற்றோடு போயிற்று. மூன்று வாரம் பொறுத்திருந்தால், மறுபடி முழுச் சம்பளம் வாங்கிய 2025இன் வரியில் மொத்தமும் கழிந்திருக்கும். அதே 2024இல் சோலார் போட்ட நண்பருக்கு வரி 5,000தான். அவரது 7,200இல் மீதி 2,200 அடுத்த ஆண்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுப்பு வாங்கும்போது இன்னொரு பொறியிலும் விழப்பார்த்தேன். சலுகைக்கு 75 சதவீத வெப்பத்திறன் வேண்டியிருந்தது. நான் முதலில் விரும்பிய அடுப்பின் அட்டையில் 79 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பட்டியலில் அதே அடுப்புக்கு 73. விறகு எரியும்போது நீராவியோடு வெளியேறும் வெப்பத்தை அட்டை கணக்கில் சேர்க்கவில்லை, சட்டம் சேர்த்தது. பட்டியலைப் பார்த்த பிறகு வேறு அடுப்புக்கு மாறினேன்.

வரிக் கணக்கில் சோலார்தான் ஜெயித்தது, மறுக்கவில்லை. ஆனாலும் நான் அடுப்புக் கட்சி. காரணம் அந்த நான்கு நாள். பேட்டரி இல்லாத சோலார், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக, மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிடும். ஹீட் பம்பும் அப்படியே. மரத்தூள் குச்சி எரிக்கும் பெல்லட் அடுப்புக்கும் மின்சாரம் வேண்டும். விறகடுப்புக்குத் தீப்பெட்டி போதும்.

பாடு இல்லாமல் இல்லை. ஒரு கார்டு விறகு என்றால் நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளம். எங்களுக்குக் குளிர்காலத்துக்கு மூன்று கார்டு ஆகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காத ஓக் விறகு சீறும், புகையும், புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவைக் கறுப்பாகப் பூசும். அது பற்றினால் வீடே போகும். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்தே ஆகவேண்டும். சாம்பலுக்குள் கங்கு இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும் என்பதால் மூடியுள்ள இரும்பு வாளி வாசலுக்கு வெளியே நிற்கிறது. முதுகு வலிப்பவர்கள் ஹீட் பம்புக்கே போகலாம். நான் எரித்தது இரண்டு குளிர்காலம்தான். ஹீட் பம்ப்பைப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அனுபவித்ததோடு சரி. பத்தாண்டுப் பராமரிப்பு எப்படி என்று அதை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

2022இன் சட்டம் அடுப்புக்கும் ஹீட் பம்புக்கும் 2032 வரையும் சோலாருக்கு 2034 வரையும் சலுகை தந்திருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் எல்லாவற்றையும் 2025 டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. அதற்குள் பொருத்தி முடித்தவர்கள் 2025ஆம் ஆண்டு வரிக் கணக்கில் இந்தச் சலுகைக்கான 5695ஆம் படிவத்தை நிரப்பலாம். முன்பணம் மட்டும் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இல்லை. இனி வாங்குபவருக்கு என் அடுப்பு 1,770 டாலர் கூடுதல், சோலார் 7,200 கூடுதல். சலுகை இருந்தபோது சோலார் பக்கம் சாய்ந்த என் மைத்துனர், சென்ற வாரம் தொலைபேசியில் விறகு எங்கே வாங்குகிறாய் என்று கேட்டார். இப்போதே வாங்கி அடுக்கினால்தான் அடுத்த குளிருக்குக் காயும் என்றேன். ஓக் என்றால் அதற்கும் அடுத்த குளிருக்கு.