ரேடியேட்டரை இறுக்கி முடுக்கிய கடை: ஹாட் ராட் கட்டுபவர்கள் கவனத்துக்கு

பழைய ஃபோர்டை ஹாட் ராடாக மாற்ற ஏதாவது கடையில் விட்டிருக்கிறீர்களா? மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். இம்மியும் அசையாமல் நின்றால் செக் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லா ஸ்ட்ராங்கா மாட்டியிருக்கோம்" என்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

நான் இருப்பது தெற்கு கலிஃபோர்னியாவில். வண்டி 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப், எஞ்சின் செவ்ரலே 350 ஸ்மால் பிளாக் என்ற வி8. ஹாட் ராட் பழக்கமில்லாதவர்களுக்கு: 1930களில் இந்தப் பக்கத்துப் பையன்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, பம்பர் எல்லாம் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அங்கே ஆரம்பித்த கிறுக்கு இது. தொழிற்சாலையிலிருந்து 40 குதிரைத்திறனோடு வந்த வண்டியில் அதைப்போலப் பல மடங்கு சக்தியுள்ள வி8 எஞ்சினைத் திணிக்கிறோம். அந்தச் சூட்டை வெளியேற்ற அதே குறுகலான முகப்புதான் இருக்கிறது. ரேடியேட்டர் வேலை ஒழுங்காக இல்லையென்றால் மற்ற எதுவும் பிரயோஜனமில்லை.

பித்தளைத் தொட்டி, செம்புக் கோர் (தண்ணீர்க் குழாயும் மெல்லிய ஃபின் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) வைத்த நல்ல ரேடியேட்டர் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர்கள் செய்ய வேண்டியது அதை மாட்டுவது, ஃபேன் பொருத்துவது, ஹோஸ் இழுப்பது. பில்லில் தனித்தனி வரியாக எழுதியிருந்தார்கள்: ரப்பர் மவுன்டிங் கிட், ஒரு ஜோடி ஸ்டே ராடு (ரேடியேட்டரின் மேல்பக்கத்தை ஆடாமல் பிடிக்கும் கம்பி), ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி வரும் கூடு), பொருத்துகூலி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு டாலருக்கு மேல். இந்த வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் கீழ்த் தொட்டியின் இடது மூலையில் பச்சையாகக் காய்ந்த கறை தெரிந்தது. கூலன்ட் கசிவு. கடைக்குக் கொண்டுபோனேன். ஈயம் வைத்து அடைத்து, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். அப்புறம் வலது மூலையில் கசிந்தது. இந்தத் தடவை, "நீங்க வாங்கின ரேடியேட்டரே மட்டம், எங்ககிட்ட அலுமினியம் இருக்கு, மாத்திடலாம்" என்று புது விலை சொன்னார்கள்.

அன்றிரவு ஊருக்கு வீடியோ கால் போட்டபோது வண்டியைக் காட்டினேன். மாமா நாமக்கல்லில் லாரி ரேடியேட்டர் வேலையிலேயே காலம் தள்ளியவர். ஹாட் ராட் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. திரையில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுக்கு ஸ்டே ராடு எங்க?" என்றார்.

"தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க மாமா."

"பில்லுல போட்டிருக்கானா?"

"போட்டிருக்காங்க மாமா."

"அப்ப காச வாங்கிட்டுத் தேவையில்லைங்கறானா? கீழ ரப்பர் இருக்குதான்னு முதல்ல பாரு."

ரப்பர் இல்லை. இங்கே ரேடியேட்டர் மட்டுமே சரிசெய்யும் ஒரு பழைய பட்டறைக்கு வண்டியை எடுத்துப்போனேன். பட்டறைக்காரப் பெரியவர் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் மவுன்டிங். சேசிஸ் சட்டத்தில் இரண்டு பக்கமும் இரும்பு ஆங்கிளை வெல்டு வைத்து, ரேடியேட்டரின் பக்கவாட்டுப் பட்டைகளை நேராக அதில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். நடுவில் ரப்பரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அவர் ஒரு பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தியதும் ரேடியேட்டர் தானாகக் கால் அங்குலம் விலகியது. அதாவது ஆங்கிளை அளவு தவறி வெல்டு வைத்துவிட்டு, ரேடியேட்டரை வளைத்து இழுத்துப் போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள். வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதுகூட ஈய இணைப்புகள் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

மாடல் ஏ சேசிஸ் சி வடிவத் தகட்டுச் சட்டம். முன்பக்கம் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அதன் குணமே அப்படி. ஃபோர்டு கம்பெனிக்கு இது தெரியும். அதனால்தான் ரேடியேட்டரை முன் கிராஸ்மெம்பர் (சட்டத்தின் குறுக்குப் பட்டை) மேல் பேடு வைத்து உட்கார வைத்து, இரண்டு போல்ட்டுக்கும் கீழே ஸ்பிரிங் கொடுத்து, வெட்டு வைத்த காசில் நட்டும் அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னும் போட்டார்கள். நட்டை அந்த ஸ்பிரிங் முழுசாக நசுங்கும்வரை முடுக்கக்கூடாது, பின் ஓட்டை நேருக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். மேலே ரேடியேட்டரிலிருந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) வரை இரண்டு ஸ்டே ராடு. கீழே எடையைத் தாங்குவது ஒரு வேலை, மேலே முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது இன்னொரு வேலை. சட்டம் முறுக்கும்போது ரேடியேட்டர் அதோடு சேர்ந்து முறுக்காமல் மேலே மிதக்கும். 1928ல் தெரிந்த விஷயம் இது. என் கடைக்காரர்களோ இரண்டு வேலையையும் நாலு போல்ட் தலையில் கட்டிவிட்டு அதற்கு ஸ்ட்ராங் என்று பெயர் வைத்தார்கள்.

இடது மூலையை அடைத்ததும் வலது மூலை விட்டதற்குக் காரணமும் இதுதான். பெரியவர் விரலால் காட்டினார்: இரண்டு விரிசலும் தொட்டியின் நடுவில் இல்லை, பக்கவாட்டுப் பட்டை முடிகிற இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. ரேடியேட்டர் மட்டமாக இருந்தால் கசிவு எங்கே வேண்டுமானாலும் வரும். பட்டை ஓரத்திலேயே வந்தால் மாட்டிய கையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது ஃபேன். பில்லில் இருந்த ஷ்ரவுட் வண்டியில் இல்லை. எலெக்ட்ரிக் ஃபேனைக் கோருக்குள்ளேயே பிளாஸ்டிக் டை விட்டுக் குத்திக் கட்டியிருந்தார்கள். பார்க்கச் சுலபம், செலவும் இல்லை. ஆனால் ஃபேனின் முழு எடையும் அதிர்வும் காகிதம் போல மெலிந்த ஃபின்கள் மேல்தான். டை அசைந்து அசைந்து ஃபின்னைத் தின்று, உள்ளே தண்ணீர்க் குழாயையும் தேய்த்திருந்தது. இரண்டு இடத்தில் குழாய் பளபளவென்று தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். ஃபேனைப் பக்கவாட்டுச் சட்டத்தோடு பட்டை போட்டு மாட்ட வேண்டும், கோரைத் தொடவே கூடாது. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் கோர் வழியாக மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மாவே இருக்கும். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு முள் ஏறியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

மூடி இன்னும் மோசம். அந்த ரேடியேட்டருக்குத் தயாரிப்பாளர் சொன்னது 7 பவுண்டு மூடி, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் மூடி. இவர்கள் போட்டது 16. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் 3 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும் என்பது உண்மை, அதனால் கொதிக்காமல் தப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் ஈய இணைப்புகளுக்கு அந்த அழுத்தம் எமன். மேல் ஹோஸுக்குப் பதிலாகப் பளபளப்பான ஸ்டீல் குழாய், முனைகளில் மட்டும் குட்டி ரப்பர் துண்டு. படத்துக்கு அழகாக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தன் மவுன்ட்டில் ஒரு பக்கம் சாயும். நல்ல ரப்பர் ஹோஸ் வளைந்து கொடுக்கும், இந்தக் குழாய் ரேடியேட்டர் கழுத்தைப் பிடித்து இழுக்கும்.

கடைசியாகத் தொட்டியைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிறச் சேறு. கசிவை அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் வைத்ததாகப் பணம் வாங்கிய இடத்தில் புது ஈயத்தின் சுவடே இல்லை. இங்கேதான் எனக்கு உண்மையில் ரத்தம் கொதித்தது. மற்றதெல்லாம் தெரியாமல் செய்தது என்றுகூட விட்டுவிடலாம். இது தெரிந்தே செய்தது.

படங்களோடும் பில்லோடும் கடைக்குப் போனேன். "வெளியாள் கழற்றிட்டான், இனி எங்க பொறுப்பில்லை" என்றார்கள். வாங்கிய ரப்பர் கிட்டும் ஸ்டே ராடும் எங்கே என்று கேட்டதற்கு முதலாளி உள்ளே போய்விட்டார், வெளியே வரவில்லை.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. இங்கே வண்டி ரிப்பேர் கடைகளைப் பதிவு செய்து கண்காணிப்பது பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அமைப்பு. வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் உங்கள் சம்மதம் வாங்க வேண்டும், பில்லில் வேலையையும் பாகத்தையும் பிரித்து எழுத வேண்டும் என்பது சட்டம். கழற்றிய பழைய பாகம் வேண்டுமென்றால் வேலை கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த அமைப்பில் புகார் செய்வது இலவசம், இரு தரப்பையும் பேச வைப்பார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். நான் புகார் கொடுத்துவிட்டேன், நீதிமன்றப் படிவமும் நிரப்பி வைத்திருக்கிறேன்.

கடை பெயரைக் கேட்டுச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு: புகார் முடியும்வரை பெயர் சொல்வதாக இல்லை. கடையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் மெதுவாகத் தூக்கச் சொல்லி, ரேடியேட்டர் அடியில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தளர்ந்தால் சரி. ரப்பரே கண்ணில் படவில்லை என்றால் அங்கேயே பில்லை எடுத்து, அந்த வரி எங்கே போயிற்று என்று கேளுங்கள்.