எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி: இரண்டு வருடப் படிப்பா, மூன்று வருட மெடிக்கலா?

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். கலை அறிவியல் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இரண்டு வருட எம்.எஸ்சி. சேர்வதா, மருத்துவக் கல்லூரியில் மூன்று வருட எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜி சேர்வதா? நான் படித்தது மூன்று வருடப் படிப்பு. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

மேலோட்டமான வித்தியாசங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். மெடிக்கலில் ஒரு வருடம் கூடுதல். தனியார் மருத்துவக் கல்லூரி என்றால் கட்டணமும் நன்றாகவே கூடும். முதல் வருடத்தில் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் படித்தாக வேண்டும். நம் பாடத்தில் முழுதாக இறங்குவது அதற்கு அப்புறம்தான். இரண்டு வருடப் படிப்பு பக்கத்து ஊரிலேயே கிடைக்கும், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. பயோடெக்னாலஜிக்கு மாற நினைப்பவர்களுக்கு காட்-பி தேர்வு இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடக்கும் படிப்புகளில் அதன் வழியாகச் சேர்ந்து மாத உதவித்தொகையும் பெறலாம்.

என் கணக்கில் இவை எதுவும் முடிவைத் தீர்மானிக்காது. படிக்கும் காலத்தில் தினமும் உங்கள் மேசைக்கு என்ன வந்து சேர்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

இரண்டு வருடப் படிப்பின் பிராக்டிகல் வகுப்பில் பெரும்பாலும் பெயர் தெரிந்த கல்ச்சர்தான், அதாவது ஏற்கெனவே வளர்த்து வைத்த நுண்ணுயிரிதான், கைக்கு வரும். அது இருக்கும் ஸ்லாண்ட் குழாயில் ஈ.கோலை என்று எழுதி ஒட்டியிருக்கும். சோதனையில் இண்டோல் பாசிட்டிவ், சிட்ரேட் நெகட்டிவ் என்று வர வேண்டியது வந்துவிட்டால் ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். கிராம் ஸ்டெயினும் ஸ்ட்ரீக்கிங்கும் கைக்குப் பழகும், அதில் குறையில்லை. ஆனால் விடை தெரிந்த கணக்கை வைத்துக்கொண்டு சந்தேகப்படக் கற்றுக்கொள்ள முடியாது.

மருத்துவமனை லேபில் காலையில் வந்து சேரும் சிறுநீர் மாதிரியை எடுத்துக்கொள்வோம். 0.001 மில்லி பிடிக்கும் லூப்பால் (கம்பி வளையத்தால்) தொட்டு, நுண்ணுயிரி வளர்க்கும் அகர் தட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைக்கிறோம். மறுநாள் 100 காலனி (நுண்ணுயிரித் திட்டு) முளைத்திருந்தால் மில்லிக்கு 1 லட்சம் நுண்ணுயிரி என்று கணக்கு; சிறுநீர்த் தொற்று என்று சொல்லப் போதுமான எண்ணிக்கை. ஆனால் தட்டில் மூன்று விதமான காலனி கலந்து நின்றால்? மாதிரி எடுத்த விதம் சரியில்லையா, பாட்டில் வார்டிலேயே நான்கு மணி நேரம் கிடந்ததா, கத்தீட்டர் போட்ட நோயாளியா? வார்டுக்கு போன் போட வேண்டும், சிஸ்டரிடம் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் மாதிரியைத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும். வெளியே ஒருவர் மருந்துக்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்போடு தட்டைப் பார்ப்பது வேறு விதமான படிப்பு.

ஆன்டிபயாட்டிக் பரிசோதனையும் அப்படித்தான். முல்லர் ஹின்டன் அகர் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், நுண்ணுயிரிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவில் இருக்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற வரி அது. தட்டைத் தடிமனாக ஊற்றிவிட்டால் மருந்து தோய்த்த டிஸ்க்கைச் சுற்றி நுண்ணுயிரி வளராத வளையம் சுருங்கும், வேலை செய்கிற மருந்துகூட எதிர்ப்பு இருப்பதாகத் தெரியும், மருத்துவர் தேவையில்லாமல் அடுத்த கட்ட மருந்துக்குப் போவார். இந்தச் சங்கிலியை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு 4 மில்லிமீட்டர் என்பது மறக்கவே மறக்காது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு ஏன் டிஸ்க்கை நம்பக் கூடாது, ஏன் மருந்தை வெவ்வேறு அளவில் திரவத்தில் கரைத்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன் செய்ய வேண்டும் என்பதும் அங்கேதான் உறைக்கும்.

என் சாய்வுக்கு முக்கியக் காரணமான நுண்ணுயிரி ஒன்று உண்டு: பர்க்கோல்டேரியா சூடோமல்லை. மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்குவது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் தாக்கும், மழைக்காலத்தில் கூடும். சீழ் மாதிரியிலிருந்து வளர்த்தால் முதல் நாளில் சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா மாதிரிதான் தெரியும். அவசரத்தில் அப்படியே எழுதி அனுப்பிவிட்டால் நோயாளிக்குத் தவறான மருந்து போகும். தட்டைத் தூக்கிப் போடாமல் இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் காலனி வறண்டு சுருங்கத் தொடங்கும். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கினால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். தட்டை இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாமா என்று யோசிக்கும் பழக்கம் நிஜ மாதிரிகளோடு புழங்கினால்தான் வரும். அதே தட்டைக் கையாளும்போது முகர்ந்து பார்க்கக் கூடாது, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள்தான் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கும் கூடவே வரும்.

நம் ஊர் லேப்களில் நடந்ததையும் சேர்த்து யோசியுங்கள். காலராவின் ஓ139 என்ற புதிய வகை 1992-இல் முதலில் தலைகாட்டிய இடங்களில் சென்னை, வேலூர், மதுரை மூன்றும் உண்டு. அதுவரை பெருந்தொற்றாகப் பரவிய காலராவுக்கெல்லாம் ஓ1 வகைதான் காரணம் என்று இருந்த நம்பிக்கை அப்போதுதான் உடைந்தது. கார்பபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாட்டிக்குகளையே செயலிழக்க வைக்கும் என்.டி.எம்.-1 நொதி பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வந்து உலகமே பேசிய ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வுக்கு மூலதனம், நோயாளிகளிடமிருந்து வந்த மாதிரிகள்தான்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். சில விஷயங்களில் இரண்டு வருடப் படிப்பு தெளிவாகவே மேல். மைக்ரோபியல் ஜெனிடிக்ஸ், ஃபெர்மென்டேஷன், மண் நுண்ணுயிரியல் எல்லாம் அங்கே விரிவாக நடக்கும். மெடிக்கலில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ் தேர்வில் சூழலியல், பரிணாமம், தாவர உடலியங்கியல் வரை கேட்கிறார்கள். மெடிக்கல் மாணவர் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். கேட் தேர்வின் எக்ஸ்.எல். தாளில் மைக்ரோபயாலஜி தனிப் பகுதியாகவே இருப்பதால் அங்கே அவ்வளவு சிரமம் இல்லை. வேதிவினை, நொதி, மரபணு என்று அடிப்படை ஆராய்ச்சிக்குப் போகத் துடிப்பவர் மருத்துவமனைப் படிக்கட்டுகளில் மூன்று வருடம் செலவிட வேண்டிய அவசியமில்லை.

தொழிற்சாலைப் பக்கம் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது, தோழிகள் சொல்லித் தெரிந்ததுதான். மருந்துக் கம்பெனியின் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) பிரிவில் ஸ்டெரிலிட்டி டெஸ்ட் 14 நாள், காற்றைப் பரிசோதிக்க செட்டில் பிளேட், தண்ணீர்ப் பரிசோதனை என்று போகும். தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி லேபில் சால்மோனெல்லா, விப்ரியோ தேடுகிறார்கள். இந்த வேலைகளுக்கு இரண்டு வருட எம்.எஸ்சி. தாராளமாகப் போதும், ஒரு வருடம் முன்னதாகச் சம்பளமும் வந்துவிடும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு மைக்ரோபயாலஜி பட்டமே தகுதிதான், மெடிக்கல் என்ற அடைமொழி தேவையில்லை.

மெடிக்கலை விரும்பிச் சேர்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளில் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது எம்.டி. படித்த மருத்துவர்தான். வேலை முழுதும் உங்கள் கையில் நடந்தாலும் கடைசி வார்த்தை அவருடையது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணியும் நிலையாக இருந்ததில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020 விதிமுறைகள் மைக்ரோபயாலஜி துறையில் மருத்துவர் அல்லாத ஆசிரியர்களுக்கான வாசலை அடைத்தன. 2025-இல் வந்த விதிமுறைகள் எம்.எஸ்சி.யோடு பி.எச்டி. முடித்தவர்களுக்கு மறுபடி இடம் கொடுத்திருக்கின்றன. கற்பிக்கும் ஆசை இருந்தால் பி.எச்டி.யையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

மெடிக்கல் என்ற பெயர் இருந்தால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடாது. படுக்கைகள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனையில் மாதிரியும் வராது. அங்கே மூன்று வருடம் உட்காருவதைவிட நல்ல பல்கலைக்கழகத் துறையில் இரண்டு வருடம் படித்து, ஆய்வுத் திட்டத்தை மருத்துவமனை லேபிலோ சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்திலோ செய்ய முயல்வது மேல். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வேலைநாள் காலையில் அந்தத் துறைக்கு நேரில் போய்விடுங்கள். நேற்று எத்தனை கல்ச்சர் வந்தது, பி.ஜி. மாணவர்கள் தட்டைப் படிக்கிறார்களா அல்லது டெக்னீஷியன் படித்ததை நோட்டில் எழுதிக்கொள்கிறார்களா, மீடியாவை (வளர்ப்பு ஊடகத்தை) யார் ஊற்றுகிறார்கள் என்று இரண்டாம் வருட மாணவரிடம் கேளுங்கள். பேராசிரியரிடம் கேட்பதைவிட அவரிடம் விவரமாகத் தெரியவரும்.

மெடிக்கல்தான் என்று முடிவானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்கிவிடுங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவைப் பார்த்து, 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு லேபுக்குள் போங்கள்.