அப்பாவின் பழைய மாருதி 800: விடுமுறையில் வந்து எடுக்கும்போது நின்றுநின்று போனால்

வெளிநாட்டிலிருந்து தை மாதம் ஊருக்கு வருகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். போகி முதல் காணும் பொங்கல் வரை தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பட்டறை திறக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். வண்டி வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள பழைய மாருதி எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் பாபநாசம் தாண்டுவதற்குள் நின்றுவிடும். இளம் மெக்கானிக்குகள் பலருக்கு, வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர்தான் பழக்கம். இந்த வண்டியில் அதைச் செருக இடமே கிடையாது. வாசலில் பழைய அம்பாசிடர் நிற்கும் பட்டறையைத் தேடுங்கள். நல்ல மேஸ்திரி முதலில் கேட்பது, "எப்பங்க நிக்குது? ஐட்லிங்லயா, ஓட்டத்துலயா, சூடானப்புறமா?" (ஐட்லிங் என்றால் வண்டி நிற்க, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மட்டும் ஓடுவது.) இதைக் கேட்காமலே கார்புரேட்டரை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஓட்டத்தில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடினால் பெரும்பாலும் டேங்கில்தான் கோளாறு. கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக நிற்பது தண்ணீர். செம்மண் போலப் படிவது துரு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாதி காலியான டேங்குக்குள் நீர் வியர்க்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து கீழே பிரிந்துவிடும். பழைய ரப்பர் டியூபையும் அரிக்கும். அதிலிருந்து உதிரும் கறுப்புத் தூள்தான் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையை, அடைக்கிறது. அதனால் டேங்கை இறக்கிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, டியூப், கிளாம்ப், ஃபில்டர் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. வேறு எதையும் கழற்றும் முன் இதைப் பாருங்கள்.

ஐட்லிங்கில் மட்டும் நின்று, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஓடினால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது அந்தப் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வான கார்புரேட்டர் சோலனாய்டு வேலை செய்யவில்லை. இன்ஜின் ஓடாதபோது சாவியைத் திருப்பினால் சோலனாய்டு 'டிக்' என்று சொல்ல வேண்டும். ஜெட்டை ஊசியால் குத்தவிடாதீர்கள். ஓட்டை பெரிதாகிக் கறுப்புப் புகை வரும். கிளீனரும் காற்றும் போதும். ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றித் தருவது ரிப்பேர் ஆகாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் சிறு ரப்பர் குழாய்களான வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பாருங்கள்; எதைப் பிடித்ததும் சத்தம் சீராகிறதோ, அந்த வழியில்தான் காற்று இழுக்கிறது.

சூடானதும் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆனால், நின்ற அந்த நிமிஷமே ஸ்பார்க் பார்க்க வேண்டும். ஆறவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்பார்க் இல்லையென்றால் கோளாறு ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலிலோ கண்டென்சரிலோ. ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் வரத்தில் கோளாறு. ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் உள்ள வண்டியில் அதன் இடைவெளி (பாயின்ட் கேப்) 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விமானம் ஏறும் முன் பெட்ரோலை இறக்கிவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவையுங்கள்.