கார் சாவியில் பேட்டரி லோ: எந்த செல், யார் கையால்?

மீட்டரில் சாவி பேட்டரி எச்சரிக்கை வந்ததும் கடைக்கு ஓட வேண்டாம். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து, அதே தூரத்தில் நின்று அழுத்துங்கள். அது ஒழுங்காகத் திறந்தால் முதல் சாவியின் செல் தீர்ந்துவருகிறது. இரண்டுமே மக்கர் செய்தால் பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள்.

பல ஸ்மார்ட் சாவிகளில் இருப்பது சிஆர்2032. எதற்கும் பழைய செல்லின் முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். சிஆர்2032 இல்லையென்றால் சிஆர்2025 போதும் என்று கடையில் சொல்வார்கள். இரண்டும் 3 வோல்ட், 20 மி.மீ. அகலம். ஆனால் 2032-இன் தடிமன் 3.2 மி.மீ., 2025-க்கு 2.5 தான். அந்த 0.7 மி.மீ. இடைவெளியில் செல் ஆடும், தொடுதகடு ஒருநேரம் படும், ஒருநேரம் படாது. இடைவெளியை அலுமினியத் தாள் வைத்து அடைப்பது அதைவிட மோசம், ஷார்ட் ஆகிவிடலாம். கொள்ளளவிலும் 2025 குறைவு: ஏறக்குறைய 160 மில்லி ஆம்பியர் மணி, 2032-க்கு 220-ஐ ஒட்டி.

ரீசார்ஜ் செய்யும் எல்ஐஆர்2032? சாவிக்கு வேண்டவே வேண்டாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், 3 வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட் அதைத் தாங்கும் என்று உறுதியில்லை. கொள்ளளவோ 40-ஐ ஒட்டியே.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அட்டையில் சீல் வைத்த செல்லும் கிடைக்கும், டப்பாவில் கொட்டிவைத்த உதிரியும் கிடைக்கும். அட்டையையே வாங்குங்கள், தேதியும் இருக்கும். டப்பாவில் செல்கள் ஒன்றோடொன்று உரசி, வாங்கும் முன்பே பாதி சக்தியை இழந்திருக்கலாம். மல்டிமீட்டரில் புதுசு 3 முதல் 3.3 வோல்ட் காட்டும். சும்மா வைத்து அளக்கும்போது 2.9 காட்டுகிற பழைய செல்லும், பட்டனை அழுத்தியதும் சரிந்துவிடும். பழசாக ஆக அதன் உள்தடை கூடுவதே காரணம். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் வருகின்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சே தொடுதகட்டைத் தடுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

யார் மாற்றுவது? நீங்களேதான். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலைக்கு சர்வீஸ் சென்டரில் காத்திருப்பது வீண். உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். அந்த இடத்துப் பள்ளத்தில், துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மெல்லத் திருகுங்கள். செல்லைக் கழற்றும் முன் ‘+’ எந்தப் பக்கம் என்று போனில் ஒரு படம். புதுச் செல்லை ஓரத்தில் பிடித்து வையுங்கள், விரல் ஈரம் செல்லின் முகத்தில் படக்கூடாது. பெரும்பாலான சாவிகளுக்கு மறுபடி புரோகிராம் தேவைப்படாது. வாட்ச் கடை அவசரத்துக்கு ஆகும், ஆனால் போர்டைக் கூர்முனையால் நெம்பினால் தடுத்துவிடுங்கள். செல்லைச் சால்டர் செய்திருந்தால் மட்டும் சாவி மெக்கானிக்.

மாற்றி ஓரிரு மாதத்தில் மறுபடி எச்சரிக்கையா? காருக்குப் பக்கத்திலேயே சாவியை மாட்டி வைக்கிறீர்களா என்று பாருங்கள். காரின் சிக்னலுக்குச் சாவி பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் செல் சீக்கிரம் தீரும். கத்திரி வெயிலில் மாட்டுத்தாவணி பார்க்கிங்கில் நின்ற காரின் டேஷ்போர்டில் விட்டாலும் கெடும்.

அழகர்கோவிலில் நிற்கும்போது செல் முழுதாகத் தீர்ந்துவிட்டதா? கதவை இரும்புச் சாவியால் திறந்து, ஸ்டார்ட் பட்டன்மேல் சாவியை ஒட்டிப் பிடித்து, பிரேக்கை (மேனுவல் கியர் என்றால் கிளட்சை) மிதித்து அழுத்துங்கள். சில வண்டிகளில் கன்சோலுக்குள் தனி இடம் உண்டு, கையேட்டில் குறித்திருக்கும். சாவியைக் காருக்கு அடையாளம் காட்டும் இம்மொபிலைசர் சிப்புக்குச் செல் தேவையில்லை, காரே அதற்குச் சக்தி கொடுக்கும்.

பழைய செல்லின் இரு முகத்திலும் டேப் ஒட்டிக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.