வறண்ட மலை ஆறுகளுக்கு வீப் மென்பொருள்: ஒரு மதிப்புரை

சிலி நாட்டின் வறண்ட வடபகுதியில், ஆண்டெஸ் மலையிலிருந்து இறங்கும் லிமாரி போன்ற ஆறுகளில் நீர்மானி காட்டுவது மலை தந்த நீரை அன்று. வழிநெடுக வாய்க்கால்கள் எடுத்ததுபோக எஞ்சியதையே. மழை, பனித் தரவுகளைக் கொண்டு அந்த எஞ்சிய நீருக்குப் பொருத்தப்படும் வழக்கமான கணினி மாதிரிகள், உழவர் பயிரை மாற்றியதையும் மண்ணின் குணம் மாறியதாகக் கணக்கெழுதிவிடும். ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் வீப் (WEAP) மென்பொருள், நீர்வரத்தையும் நீர்த்தேவையையும் சேர்த்தே கணக்கிடுவதால் இக்குழப்பத்தைப் பெருமளவு தவிர்க்கிறது.

இதிலுள்ள மண் ஈரப்பத முறையே எனக்கு மிகவும் பயன்பட்டது. மண்ணின் ஈரம் நாம் கொடுத்த கீழ்வரம்புக்கும் கீழே இறங்கினால், மேல்வரம்பை எட்டத் தேவையான பாசன நீரை மாதிரி தானே கேட்கும். தானிய வயல் திராட்சைத் தோட்டமானால், பயிர்க் கெழுவையும் (பயிருக்குப் பயிர் மாறும் நீர்த்தேவையைக் குறிக்கும் எண்) அவ்வரம்புகளையும் ஆண்டுவாரியாக மாற்றிக்கொள்ளலாம். சொட்டுநீர்ப் பாசனத்தால் எடுக்கும் நீர் குறையும்போது, வயலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் கசிவும் குறைந்து, மேட்டுநிலத்தார் சேமித்ததாகச் சொல்லும் நீர் கடைமடைக்கு வந்து சேராமற்போவதையும் இதில் கண்கூடாகக் காணலாம். இந்த ஒன்றுக்காகவே மென்பொருளைப் பரிந்துரைப்பேன்.

பனிக் கணக்கு அந்த அளவுக்குத் திருப்தி தரவில்லை. பனி உறைவதும் உருகுவதும் இரு வெப்பநிலை வரம்புகளைச் சார்ந்தே கணிக்கப்படுகின்றன. வறண்ட ஆண்டெஸில் உருகாமலேயே ஆவியாகிவிடும் பனியோ கணிசமானது, அதை அவ்வரம்புகளால் பிடிக்க முடியாது.

பங்கீட்டிலும் கவனம் வேண்டும். பலோமா, ரெகோலெட்டா, கொகோத்தி ஆகிய மூன்று அணைகளும் சேர்ந்து ஏறத்தாழ 100 கோடி கன மீட்டர் தேக்கும் லிமாரியில், நீர் உரிமைப் பங்குகளின்படி பிரிக்கப்படுகிறது. வீப்போ 1 முதல் 99 வரையிலான முன்னுரிமை எண்களைப் பின்பற்றி, ஒரே எண் பெற்றவர்களுக்குத் தேவையின் விகிதத்தில் பற்றாக்குறையைப் பகிர்கிறது; நிறையப் பயிரிட்டவருக்கு நிறைய நீர் என்றாகிவிடும். ஒவ்வொரு வாய்க்காலும் எடுக்கக்கூடிய நீருக்கு உச்ச வரம்பைக் கைப்பட அமைத்தாலொழிய இது சரியாகாது.

வளரும் நாடுகளின் அரசுத் துறைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரிமம் இலவசம் என்பதால் செலவு ஒரு தடையன்று. ஆனால் ஆண்டுவாரியான பயிர்ப்பரப்புக் கணக்கு கையில் இல்லாதவர்கள், இதில் உழைப்பைக் கொட்டுவதைவிட எளிய மழை-நீரோட்ட மாதிரி ஒன்றோடு நின்றுகொள்வதே மேல்.